எம்ஜிபி எஞ்சினை வீட்டு ஷெட்டுல பிரிச்சு கட்டுறது: முதல்ல அளவு, அப்புறம் பவர்

(ஸ்டாண்டுல மாட்டின எஞ்சின், கிட்டத்துல)

வணக்கம். இதோ ஸ்டாண்டுல இருக்கறது எம்ஜிபி கார்ல இருந்து இறக்கின எஞ்சின். பி சீரிஸ்னு சொல்வாங்க, 1798 சிசி, நாலு சிலிண்டர், பிளாக், ஹெட் ரெண்டுமே வார்ப்பிரும்பு. 1962ல வந்த கார் இது, இங்கிலாந்துல ஆபிங்டன் ஃபேக்டரில 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல கட்டினாங்க, அதனால பிஸ்டன்ல இருந்து சின்ன வாஷர் வரைக்கும் இன்னிக்கும் புதுசா வாங்கலாம். முதல் தடவையா ஒரு கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினைத் தொடப் போறவங்க யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

எல்லாரும் எடுத்தவுடனே கேக்கறது "இதுல பவர் எப்படி ஏத்தறது, எந்த கேம் போடறது"ன்னுதான். அதுக்கும் வர்றேன் (கேம்னா வால்வுகளைத் திறந்து மூட வைக்கற தண்டு). ஆனா ஒரு விஷயம், வீட்டுல கட்டின எஞ்சின் போச்சுன்னு கேள்விப்படறப்போ பெரும்பாலும் கேம் தப்பா செலக்ட் பண்ணதால போகல, அளக்காம கட்டினதாலயும் அழுக்கோட கட்டினதாலயும்தான் போயிருக்கும். அதனால காசு செலவு பண்றதுன்னா முதல்ல ஒரு நல்ல மைக்ரோமீட்டர், ஒரு டயல் கேஜ், நட்டை அளந்து முறுக்கற ஒரு டார்க் ரெஞ்ச், இந்த மூணுக்கும் பண்ணுங்க.

பிரிக்கறதைப் பத்தி ரொம்ப பேசப் போறதில்ல. எஞ்சின் 150 கிலோவுக்கு மேல வரும், கியர்பாக்ஸோட சேர்த்து இறக்கறதுதான் சுலபம், தொங்கிட்டு இருக்கறப்போ அதுக்கு அடியில கையோ காலோ தலையோ போகவே கூடாது. ஒவ்வொரு பார்ட்டும் எந்த இடத்துல இருந்துச்சோ அதே இடத்துக்குத்தான் திரும்பப் போகணும், முக்கியமா மெயின் பேரிங் கேப், கனெக்டிங் ராடு கேப். இந்த கேப்பெல்லாம் பிளாக்கோடயோ ராடோடயோ சேர்த்து மாட்டி வச்சுதான் துளையைக் கடைஞ்சிருப்பாங்க, மாத்திப் போட்டா அந்த வட்டம் வட்டமா இருக்காது. நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா நீங்களே ஒரு குறி போட்டுட்டுக் கழட்டுங்க. 1964 கடைசி வரைக்கும் வந்த எஞ்சின்ல மூணு மெயின் பேரிங்தான், அதுக்கப்புறம் அஞ்சு. பவர் ஏத்தற எண்ணம் இருந்தா அஞ்சு பேரிங் பிளாக்கா தேடுங்க, கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுத்த வைக்கற தண்டு, அதுல இன்னும் உறுதியா உக்காரும்.

இப்ப அளவு எடுக்கறது. சிலிண்டர் போர், அதாவது துளையோட விட்டம், ஒரிஜினல் 80.26 மில்லிமீட்டர். மேல, நடுவுல, கீழன்னு மூணு உயரத்துல, ஒவ்வொரு உயரத்துலயும் குறுக்கும் நெடுக்குமா ரெண்டு தடவை, அப்போ ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. எழுதி வைங்க. மேல ரிங் போய் நிக்கற இடத்துலதான் தேய்மானம் அதிகமா இருக்கும், ஏன்னா எரியற பிரஷர் ரிங்கை சுவரோட அழுத்தறதும் அங்கதான், ஆயில் கம்மியா இருக்கறதும் அங்கதான். விரல் நகத்தை வச்சு இழுத்தாலே ஒரு விளிம்பு தட்டும். அது தட்டுச்சுன்னா ரிங் மட்டும் மாத்திக் கட்டறதுல பிரயோஜனம் இல்ல, போர் போட்டு, அதாவது துளையைக் கடைஞ்சு பெருசாக்கித்தான் ஆகணும். 0.030 இஞ்ச், அதாவது 0.76 மில்லிமீட்டர் ஓவர்சைஸ்ல போனா எஞ்சின் சுமார் 1833 சிசி ஆகும், 0.060 இஞ்ச் போனா 1868. 83.57 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 1950 சிசி கட்டறவங்களும் உண்டு, ஆனா அதுக்கு சுவர் தடிமனை எல்லா பக்கமும் அளந்து பாத்த பிளாக்காதான் இருக்கணும், வார்ப்பு கொஞ்சம் ஒரு பக்கமா விலகியிருந்தா சுவர் மெலிசாகி சூட்டுல வெடிச்சு தண்ணி உள்ள வந்துடும்.

போர் போடறது, கிராங்க் கிரைண்ட் பண்றது, விரிசல் இருக்கான்னு பாக்கறது, இதெல்லாம் பட்டறைல கொடுத்து செய்யற வேலை. ஒரே ஒரு விஷயம், பிஸ்டன் கைல வந்த அப்புறம்தான் போர் போடச் சொல்லணும், பிஸ்டனை அளந்து அதுக்குத் தகுந்த மாதிரி போரை முடிக்கணும், டப்பாமேல போட்டிருக்கற நம்பரை நம்பி முடிக்கக் கூடாது.

பட்டறைல இருந்து திரும்பி வந்ததை அப்படியே கட்டிடாதீங்க. ஒரு தடவை எனக்கு கிராங்க் கிரைண்ட் ஆகி பளபளன்னு ஆயில் பேப்பர்ல சுத்தி வந்துச்சு, பாத்தா தங்கம் மாதிரி இருக்கு. ஆயில் துளைக்குள்ள மெல்லிசா ஒரு பிரஷை விட்டு எடுத்தேன், பிரஷ் நுனில சாம்பல் கலர்ல பசை மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துச்சு, விரலுக்கு நடுவுல வச்சு தேச்சா நறநறன்னு இருக்கு. கிரைண்டிங் தூள். அதோட கட்டியிருந்தா முதல் நிமிஷத்துலயே புது பேரிங் பூரா அந்தத் தூள் போய் பதிஞ்சிருக்கும். சோப்புத் தண்ணி, பிரஷ், காத்து, திரும்ப சோப்புத் தண்ணின்னு வெள்ளைத் துணி வெள்ளையாவே வெளிய வர்ற வரைக்கும் கழுவினேன், ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு. பிளாக்குக்கும் இதேதான், ஆயில் கேலரி (ஆயில் ஓடற வழி) அடைப்பையெல்லாம் கழட்டிட்டு நீள பிரஷ் விட்டுக் கழுவுங்க. ஹோனிங் பண்ண, அதாவது மெல்லிசா குறுக்குக் கோடு போட்ட சிலிண்டர் சுவரைப் பெட்ரோல்ல துடைச்சா தூள் கோட்டுக்குள்ளயே தங்கிடும், சூடான சோப்புத் தண்ணிதான் அதை வெளிய கொண்டு வரும். காஞ்சவுடனே ஆயில் தடவிடணும், இல்லன்னா பாத்துட்டு இருக்கும்போதே துரு பிடிக்கும்.

(பேரிங் கேப், பக்கத்துல மெல்லிசான பச்சை நூல்)

பேரிங் இடைவெளி பாக்கறதுக்கு இந்த நூலு, பிளாஸ்டிகேஜ். கிராங்க் ஜர்னல்மேல, அதாவது பேரிங்குக்குள்ள சுத்தற பகுதிமேல, சுத்தமா ஆயில் இல்லாம துடைச்சுட்டு நூலை நீளவாக்குல வைக்கறோம், கேப்பைப் போட்டு மெயினுக்கு 70 பவுண்டு அடி, அதாவது 95 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்கறோம், கிராங்கை துளி கூட சுத்தக் கூடாது, சுத்தினா நூல் இழுபட்டு அளவு பொய்யாயிடும். திரும்பக் கழட்டினா நூல் நசுங்கி பட்டையா இருக்கும், எவ்வளவு அகலமோ அதை வச்சு இடைவெளி தெரியும். இந்த கிராங்கோட மெயின் ஜர்னல் சுமார் 54 மில்லிமீட்டர், 0.05 மில்லிமீட்டர் பக்கத்துல வந்தா எனக்கு நிம்மதி. பட்டை ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் மெலிசா இருந்தா ஜர்னல் சரிவா இருக்குன்னு அர்த்தம், அப்போ கிராங்கைத் திரும்ப பட்டறைக்கே கொண்டு போங்க. இன்னொண்ணு, கிராங்க் முன்னும் பின்னும் நகராம பிடிக்கற த்ரஸ்ட் வாஷர் போடறப்போ ஆயில் பள்ளம் இருக்கற பக்கம் கிராங்கைப் பாத்து இருக்கணும், தப்பா திருப்பிப் போட்டுடறது ரொம்ப சுலபம்.

சரி, இப்ப பவர். எனக்கு இந்த எஞ்சின்ல ரொம்பப் பிடிச்ச இடம் ஹெட்டுதான். ஹாரி வெஸ்லேக் வடிவமைச்சது, எரியறை, அதாவது பெட்ரோல் கலவை எரியற குழிவு, நேரா பாத்தா இதய வடிவத்துல இருக்கும். மொத்தம் அஞ்சே போர்ட்டு, எல்லாம் ஒரே பக்கம். இன்லெட் ரெண்டுதான், ஒண்ணாவதும் ரெண்டாவதும் ஒரு வாசல், மூணும் நாலும் ஒரு வாசல். எக்ஸாஸ்ட்ல நடு ரெண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒண்ணு, ஓரத்துல இருக்கறதுக்கு தனித்தனியா.

கேம் விஷயமே இங்கதான் இருக்கு. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அப்படின்னா ரெண்டாவது சிலிண்டர் இழுத்தவுடனே அடுத்தது ஒண்ணாவதோட முறை, 180 டிகிரி தள்ளி, ரெண்டுக்கும் ஒரே வாசல். ஸ்டாண்டர்டு கேம்ல இன்லெட் வால்வு 252 டிகிரி திறந்திருக்கும், அதுல 180ஐக் கழிச்சுப் பாருங்க, 72 டிகிரி ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல திறந்து இருக்கு, ஒரே குடத்துல ரெண்டு பேர் வாய் வச்ச மாதிரி. நீங்க ஆசைப்பட்டு 280 டிகிரி கேம் போட்டா அது 100 டிகிரி ஆயிடும். தனித்தனி போர்ட் இருக்கற எஞ்சினுக்கு நல்லா வேலை செய்யற நீள கேம் இதுல அதே பலன் தராது, கீழ இழுவை போகும், ஐடில் ஆடும், மேல வர்ற லாபமும் நினைச்ச அளவுக்கு இருக்காது. ரோட்டுல ஓட்டற வண்டிக்கு திறந்திருக்கற நேரத்தை கொஞ்சமா கூட்டி, லிஃப்ட்டை, அதாவது வால்வு திறக்கற உயரத்தை, நல்லா கூட்டின கேம்தான் நான் எடுப்பேன்.

ஹெட்டுல என்ன செய்யலாம்னா, போர்ட்டைக் குடைஞ்சு பெருசாக்கறதை விட வால்வு சீட்டுக்குக் கீழ இருக்கற கடைசி ரெண்டு சென்டிமீட்டர்ல இருக்கற விளிம்பையும் வார்ப்புப் பிசிறையும் எடுத்து வழுவழுன்னு வளைக்கறதுலதான் பலன். வால்வு கைடோட துருத்தலை மெலிசாக்கலாம். எரியறைக்குள்ள ரெண்டு வால்வுக்கு நடுவுல ஒரு மூக்கு நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதை சுத்தமா அறுத்து எறியாதீங்க, கலவையை சுழல வைக்கறது அதுதான், இன்லெட் வால்வை மறைக்கற பகுதியை மட்டும் லேசா பின்னாடி தள்ளுங்க. இன்லெட் வால்வு ஒரிஜினல் 39.7 மில்லிமீட்டர், பின்னாடி வந்த சில ஹெட்டுல 41.3 இருந்துச்சு, அதைப் போடலாம். எக்ஸாஸ்ட் சீட்டை கண்டிப்பா கடினமான இன்சர்ட்டா மாத்துங்க, அந்தக் காலத்து பெட்ரோல்ல இருந்த ஈயம் சீட்டுமேல படிஞ்சு மெத்தை மாதிரி காப்பாத்துச்சு, இப்ப ஈயம் இல்ல, வெறும் வார்ப்பிரும்பு சீட்டு வால்வு அடிச்சு அடிச்சே உள்வாங்கிடும்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர்ல இருக்கற மொத்த இடம் எத்தனை மடங்கு சுருங்குதுங்கற கணக்கு. ஸ்டாண்டர்டு 8.8. ஒரு சிலிண்டர் 449.5 சிசி, அப்படின்னா பிஸ்டன் மேல வந்து நிக்கறப்போ மிச்சம் இருக்கற இடம் 57.6 சிசி. 0.76 ஓவர்சைஸ்ல சிலிண்டர் 458 சிசி ஆயிடுது, பிஸ்டன் குழிவு மாறலன்னா வேற எதுவும் தொடாமலே கிட்டத்தட்ட 9க்கு வந்துடும். உங்களுக்கு 9.5 வேணும்னா மேல 54 சிசிக்குள்ள இருக்கணும், அதாவது ஹெட்டுல 3.7 சிசி அளவுக்கு சீவணும். ஆனா முதல்ல இருக்கறதை அளங்க. வால்வையும் பிளக்கையும் மாட்டி, ஹெட்டைக் கவுத்து வச்சு, மேல கிரீஸ் தடவின கண்ணாடித் தகடு, அதுல ஒரு துளை, அது வழியா அளவுக் குழாய்ல இருந்து சொட்டுச் சொட்டா மண்ணெண்ணெய். காத்துக் குமிழி கடைசியா வெளிய போற இடத்துல நிறுத்திட்டு நம்பரைப் படிங்க. நாலு அறையும் ஒரே அளவு வர்ற வரைக்கும் சின்னதா இருக்கறதை லேசா குடையுங்க. எனக்கு இந்த வேலைல நேரம் போறதே தெரியாது.

(உள்ளங்கைல ரெண்டு டாப்பெட்)

கேம் புதுசுன்னா, அதுமேல உக்காந்து வால்வுக்கு அசைவைக் கொண்டு போற டாப்பெட்டும் புதுசுதான் போடணும், பேச்சே இல்ல. இதைப் பாருங்க, ரெண்டு புது டாப்பெட்டோட அடியை ஒண்ணோட ஒண்ணு முட்ட வச்சா லேசா ஆடும். தட்டையா தெரியற முகம் உண்மையில நடுவுல இம்மி அளவு மேடு, அதனாலதான் கேம் சுத்தறப்போ டாப்பெட்டும் தன்னைத்தானே சுத்திக்குது, தேய்மானம் ஒரே இடத்துல விழாது. பழசை இப்படி வச்சா ஆடாது, சில சமயம் நடுவுல வெளிச்சமே தெரியும், குழி விழுந்துடுச்சு.

கேம் டைமிங்கைக் குறி பாத்து மட்டும் விட்டுடாதீங்க. கிராங்க்ல டிகிரி தட்டு, ஒண்ணாவது இன்லெட் வால்வுமேல டயல் கேஜ், முழு லிஃப்ட் எங்க வருதுன்னு பாருங்க, ஸ்டாண்டர்டு கேம்னா பிஸ்டன் உச்சிக்கு வந்து 110 டிகிரி கழிச்சு வரணும். செயின், கீ, கியர் எல்லாத்துலயும் சின்னச் சின்ன வித்தியாசம் சேர்ந்து நாலஞ்சு டிகிரி தள்ளிப் போகறது சாதாரணம், தள்ளி வெட்டின கீ போட்டு சரி பண்ணிடலாம்.

கட்டறது. ரிங் ஒவ்வொண்ணையும் அது போகப் போற சிலிண்டர்லயே வச்சு, பிஸ்டனாலயே நேரா தள்ளி விட்டு, ஃபீலர் கேஜ்ல வாய் இடைவெளி பாருங்க, இந்த போருக்கு 0.32 மில்லிமீட்டர் பக்கம். கேம் மேட்டுலயும் டாப்பெட் அடியிலயும் அசெம்பிளி லூப் கெட்டியா. ஆயில் பம்புக்குள்ள பெட்ரோலியம் ஜெல்லி அடைச்சுட்டா முதல் சுத்துலயே இழுக்க ஆரம்பிச்சுடும். ஹெட் நட்டு 45ல இருந்து 50 பவுண்டு அடி, நடுவுல இருந்து வெளிப்பக்கமா, ஒரேடியா இல்ல, மூணு நாலு சுத்தா. வால்வு இடைவெளி 0.015 இஞ்ச்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பிளக் நாலையும் கழட்டிட்டு ஸ்டார்ட்டர்ல சுத்துங்க, ஆயில் பிரஷர் முள்ளு எழுந்திருக்கற வரைக்கும். எழுந்திருக்கலன்னா ஸ்டார்ட் கிடையாது, என்னன்னு தேடணும். ஷெட்டு கதவை நல்லா திறந்து வைங்க, புகை உள்ள தங்கக் கூடாது. ஆயில்ல துத்தநாகச் சேர்க்கை போதுமான அளவு இருக்கறதா, பழைய தட்டை டாப்பெட் எஞ்சினுக்குன்னு சொல்ற ஆயிலா பாத்து ஊத்துங்க.

பிடிச்சவுடனே 2000 ஆர்பிஎம்முக்கு மேல கொண்டு போயிடணும், ஐடில்ல விடவே கூடாது, ஏன்னா கேமுக்கு ஆயில் கிராங்க்ல இருந்து சிதறி வர்றதுதான் அதிகம், மெதுவா சுத்தினா மேடு காஞ்சே உரசும். 2000க்கும் 2500க்கும் நடுவுல ஏத்தி இறக்கி 20 நிமிஷம். அந்த 20 நிமிஷம் நான் கண்ணை முள்ளுலயும் டெம்பரேச்சர்லயும்தான் வச்சிருப்பேன், ஒரு கை இக்னிஷன் சாவில. லீக் சின்னதா இருந்தா பாத்து வச்சுக்கலாம், பிரஷர் விழுந்தா உடனே ஆஃப்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திட்டு, ஹெட் ஆறினதும் டார்க் திரும்பப் பாத்து, வால்வு இடைவெளியையும் திரும்ப செட் பண்ணுங்க. அப்புறம் ரெண்டு எஸ்யூ கார்பரேட்டர். ரெண்டோட வாய்லயும் மாத்தி மாத்தி ஒரு ரப்பர் குழாயை வச்சு இன்னொரு நுனியைக் காதுல வைங்க, ரெண்டு பக்கமும் ஒரே "ஸ்ஸ்" சத்தம் வர்ற வரைக்கும் ஐடில் திருகை சரி பண்ணுங்க. ஹெட்டும் கேமும் மாத்தியாச்சுன்னா கார்பரேட்டர்ல பெட்ரோல் அளவை முடிவு பண்ற ஊசியும் மாத்த வேண்டி வரும், பிளக் நிறம் பாத்துதான் எது பொருந்தும்னு போகணும். சூடான எஞ்சின், ஆயில் பிரஷர் ஓட்டத்துல 50ல இருந்து 80 பிஎஸ்ஐ, ஐடில்ல 10க்குக் கீழ போகாம முள்ளு நின்னா, போனட்டை மூடிட்டு வண்டியை வெளிய எடுங்க.