கரண்டியைக் கண்டால் வாய் மூடுற பிள்ளைக்கு, கையால எடுத்துச் சாப்பிடுற இராச்சாப்பாடு

[காட்சி: சாப்பாட்டு மேசை. ஒரு சின்னக் கை பக்கத்துத் தட்டை நோக்கி நீளுது.]

கரண்டியைக் கண்டதும் வாயை இறுக்கி மூடுற பிள்ளை, அண்ணாவின்ர தட்டில கிடக்கிற தோசைத் துண்டை எட்டிப் பறிச்சுத் தன்ர வாய்க்குள்ள வைக்கும். அந்தப் பிள்ளைக்குப் பசி இருக்குது. தானே எடுத்துச் சாப்பிடவேணும் எண்ட ஆசையும் இருக்குது. நாங்கள் தீத்துறதை விட்டிட்டு, அந்தக் கைக்குப் பிடிபடுற மாதிரிச் சாப்பாட்டைச் செய்து வைச்சால் இராச்சாப்பாட்டுச் சண்டை பெரும்பாலும் அடங்கும். இதுக்கெண்டு கடையில ஒண்டும் புதுசா வாங்கத் தேவையில்லை. பிட்டு, இடியப்பம், தோசை, மீன், பருப்பு எல்லாம் உருவத்தை மாத்தினால் பிள்ளையின்ர சாப்பாடுதான்.

முதல்ல ஒரு கவலையைத் தீர்ப்பம். "போன மாசம் நல்லாச் சாப்பிட்டவன், இப்ப தொடுறானில்லை" எண்டு கன அம்மாமார் சொல்லுவினம். 3 கிலோவில பிறந்த பிள்ளை ஒரு வயசில ஏறக்குறைய 9 கிலோ வரும். ஆனால் ரெண்டாவது வருசம் முழுக்கக் கூடுறது 2 தொடக்கம் 2½ கிலோதான். வளர்ச்சி மெதுவாக, பசியும் குறையும். வளர்ச்சிப் பதிவேட்டில கோடு தன்ர பாதையில போகுதெண்டால் பிள்ளை தனக்குக் காணுமானதைச் சாப்பிடுது. கோடு சரியத் தொடங்கினால் குடும்பநல உத்தியோகத்தரிட்டக் காட்டுங்கோ.

[காட்சி: சுவர் மணிக்கூடு, பின்னேரம் 5 மணி. மேசையில விசுக்கோத்தும் பால் போத்தலும்.]

அடுத்தது நேரம். 5 மணிக்கு ரெண்டு விசுக்கோத்தும் ஒரு போத்தல் பாலும் உள்ளுக்குப் போனால் 7 மணிக்குப் பசி எங்க இருக்கும்? சாப்பாட்டுக்கு முன்னால 2 மணித்தியாலம் தண்ணியைத் தவிர வேற ஒண்டும் வேண்டாம். ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு மாட்டுப்பாலோ கரைச்ச பால்மாவோ நாளுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல போகவிடாதேங்கோ. கூடினால் பசியும் கெடும், இரும்புச்சத்தும் குறையும். தேத்தண்ணி ஒரு வாயும் வேண்டாம், அதுவும் இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. இராச்சாப்பாட்டை 6, 6½ மணிக்கு வையுங்கோ. நித்திரை தூங்குற பிள்ளைக்கு எதை வைச்சாலும் அழும்.

[காட்சி: ரெண்டு கைகள் அருகில. ஒண்டு உள்ளங்கையால பிடிக்குது, மற்றது ரெண்டு விரலால.]

இப்ப அளவு. பிடிக்காமல் தானே நிமிர்ந்து இருக்கிற பிள்ளைக்கு, ஏறக்குறைய 8 மாசத்தில இருந்து, கையில பிடிக்கிற சாப்பாடு குடுக்கலாம். அந்த வயசில உள்ளங்கையாலதான் பிடிக்கும். அதாலை துண்டு எங்கட சின்னவிரல் நீளம், 6 சென்ரிமீற்றர் இருக்கவேணும். பாதி கைக்குள்ள நிக்கும், வெளிய நீட்டுற பாதியைச் சப்பும். 9, 10 மாசமாகப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும். அப்ப பட்டாணி அளவுத் துண்டை வையுங்கோ. எந்த வயசெண்டாலும் ஒரு சோதனை: துண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வைச்சு அமத்துங்கோ. கஷ்டப்படாமல் நசியவேணும். நசியாட்டி இன்னும் 5 நிமிசம் அவியுங்கோ.

முழுக் கச்சான், கஜு, பச்சைக் கரட், உருண்டையா வெட்டின சொசேஜ் வேண்டாம். முந்திரிகைப்பழத்தை (திராட்சையை) நீளவாக்கில நாலாக வெட்டுங்கோ. நுங்கு வழுக்கும், ரம்புட்டானும் அப்படித்தான். முழுசா வாய்க்குள்ள போனால் நேர தொண்டைக்குப் போய் அடைக்கும். ஒரு வயசுக்கு முதல் தேன் வேண்டாம், உப்பும் சீனியும் போடாதேங்கோ.

பிள்ளை ஓங்காளிக்கிறது வேற, புரைக்கேறி அடைக்கிறது வேற. ஓங்காளிச்சால் சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே வெளிய தள்ளும். அவசரப்பட்டு விரலைப் போடாதேங்கோ, துண்டு உள்ளுக்குத்தான் போகும். சத்தமே வராமல் உதடு நீலம் பாய்ஞ்சால் அதுதான் ஆபத்து. ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையை முன்னங்கையில குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில உள்ளங்கையின்ர அடியால 5 தரம் தட்டுங்கோ. வராட்டி மல்லாத்தி, நெஞ்சின்ர நடுவில ரெண்டு விரலால 5 தரம் அமத்துங்கோ. மாறி மாறிச் செய்துகொண்டிருக்க, பக்கத்தில நிக்கிற ஆள் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிக்கவேணும். இதாலைதான் சாப்பிடுற பிள்ளையைத் தனிய விட ஏலாது, ஓடவிட்டுச் சாப்பிட வைக்கவும் ஏலாது.

[காட்சி: அடுப்படி. வத்தாளங்கிழங்கு ஆவியில அவியுது.]

கனக்கச் செய்து வைக்கக்கூடியது பருப்பு விரல். மைசூர்ப் பருப்பு 100 கிராம், அதாவது அரைக் கோப்பை. தண்ணி 1¼ கோப்பை, ஒரு நுள்ளு மஞ்சள். தண்ணி முழுக்க வத்தும்வரை 15 நிமிசம் அவியுங்கோ. வத்தாளங்கிழங்கு 200 கிராம், தோலோட ஆவியில அவிச்சு உரிச்சு மசியுங்கோ. தண்ணிக்குள்ள போட்டு அவிச்சால் கிழங்கு தண்ணியைக் குடிக்கும், பிறகு பிடிக்கேக்க கையில ஒட்டும். ரெண்டையும் சேர்த்து, வறுத்த அரிசிமா 2 மேசைக்கரண்டி, சீரகத்தூள் கால் தேக்கரண்டி, தேசிக்காய்ப் புளி அரைத் தேக்கரண்டி. புளி சுவைக்கு மட்டுமில்லை, பருப்பில இருக்கிற இரும்புச்சத்து உடம்பில சேர அது உதவும்.

6 சென்ரிமீற்றர் நீளத்தில, கொஞ்சம் தட்டையாப் பிடியுங்கோ. 16, 18 துண்டு வரும். 20 நிமிசம் குளிர்சாதனப் பெட்டியில வைச்சு எடுத்து, தோசைக்கல்லில நல்லெண்ணெய் பூசி, மெல்லிய நெருப்பில பக்கத்துக்கு 3, 4 நிமிசம் சுடுங்கோ.

உடையுதெண்டால் பருப்பில தண்ணி மிஞ்சியிருக்குது. உடன மாவைக் கொட்டாதேங்கோ. மா கூடினால் ஆறினவுடன றப்பர் மாதிரி இழுக்கும், பிள்ளையால கடிக்க ஏலாது. கலவையைத் திரும்பத் தாச்சியில போட்டு 3 நிமிசம் கிளறுங்கோ, இறுகிவிடும்.

[காட்சி: வெள்ளைப் பீங்கானில அவிச்ச மீன். விரல்கள் மிக அருகில.]

மீனுக்கு விளைமீன், பாரை நல்லது. தோல் நீக்கின 150 கிராம் சதையை ஆவியில 8 நிமிசம் அவிச்சு ஆறவிடுங்கோ. முள் எடுக்கிறது கண்ணால செய்யிற வேலையில்லை, விரலால செய்யிற வேலை. ஒவ்வொரு இதழையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வைச்சு மெதுவா உருட்டுங்கோ. மயிர் மாதிரி இருக்கிற முள்ளும் குத்தும். முழுக்க முடிஞ்சபிறகு இன்னொரு தரம் அப்படியே பாருங்கோ. வெள்ளைப் பீங்கானோட ஒரு கடும் நிறத் தட்டும் பக்கத்தில வைச்சிருங்கோ, வெள்ளை முள் அதிலதான் தெரியும். அவிச்ச உருளைக்கிழங்கு ஒண்டு, முட்டை மஞ்சட்கரு ஒண்டு, தேங்காய் முதற்பால் ஒரு மேசைக்கரண்டி, வெட்டின கறிவேப்பிலை கொஞ்சம் சேர்த்து, தட்டையாத் தட்டிக் கல்லில சுடுங்கோ. கட்லற் மாதிரி உருட்டி, பாண்தூள் பிரட்டிப் பொரிக்கவேண்டாம். வெளி ஓடு முரடாகும், சின்ன உருண்டை தொண்டைக்கும் கூடாது.

முட்டை, மீன், அரைச்ச கச்சான் எதையும் வாழ்க்கையில முதல் தரம் குடுக்கிறதெண்டால் இரவில குடுக்காதேங்கோ. காலமை குடுத்தால் தடிப்போ வாந்தியோ வந்தால் கண்ணுக்குத் தெரியும்.

பிட்டு உதிரும், காய்ஞ்ச பிட்டு புரைக்கேறும். அரைக் கோப்பைப் பிட்டுக்கு அரைக் கப்பல் வாழைப்பழமும் ஒரு மேசைக்கரண்டி பாலும் விட்டுக் குழைச்சு, விரலளவு பிடிச்சு வையுங்கோ. இடியப்பம் நூலா மேல்வாயில ஒட்டும். ரெண்டு இடியப்பத்தைக் கத்தரிக்கோலால சின்னதா வெட்டி, அடிச்ச முட்டை ஒண்டும் பொடியா வெட்டின முருங்கையிலை ஒரு மேசைக்கரண்டியும் கலந்து, மூடி போட்டு மெல்லிய நெருப்பில 4 நிமிசம், பிரட்டி 2 நிமிசம். முட்டை முழுக்க வெந்திருக்கவேணும். ஆறவிட்டு நீளத்துக்கு வெட்டினால் கையில பிடிபடும். கறிக்குத் தூள் போடமுதல் பூசணித் துண்டு, கரட், போஞ்சியைப் பிள்ளைக்கு எடுத்து வைச்சிட்டால் தனிச்சமையல் தேவையில்லை.

[காட்சி: சின்னத் தட்டில மூண்டு சாப்பாடு.]

தட்டில மூண்டு சாமான் போதும். பிள்ளைக்கு நிச்சயமாப் பிடிச்சது ஒண்டு, இடைக்கிடை சாப்பிடுறது ஒண்டு, புதுசு ஒரு பட்டாணி அளவு. புதுசைத் தொடாட்டி ஒண்டும் சொல்லாதேங்கோ. எறிஞ்சாலும் பரவாயில்லை, ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப வையுங்கோ. 10, 15 தரம் கண்டபிறகுதான் கன பிள்ளையள் வாயில வைக்கும். அம்மம்மா, அப்பம்மாவுக்கும் சொல்லிவையுங்கோ: "இன்னும் ஒரு வாய்" வேண்டாம், போனில பாட்டும் வேண்டாம். நீங்களும் பக்கத்தில இருந்து அதையே சாப்பிடுங்கோ. 20, 30 நிமிசத்தில தட்டை எடுத்துவிடலாம்.

மிஞ்சின பருப்பு விரலைத் தட்டில ஒண்டோடொண்டு முட்டாமல் உறையவைச்சு, பிறகு பெட்டியில போட்டுத் திகதி எழுதுங்கோ. ஒரு மாசம் வைக்கலாம். ஆவியில 6 நிமிசம் நல்லாச் சூடாக்கி, ஆறவிட்டுக் குடுங்கோ. உருகினதைத் திரும்ப உறையவைக்கவேண்டாம். பிள்ளை கடிச்சு விட்ட துண்டை அடுத்த நேரத்துக்கு எடுத்துவைக்காதேங்கோ. பால் விட்டுக் குழைச்ச பிட்டை எங்கட வெக்கையில 2 மணித்தியாலத்துக்கு மேல வெளிய வைக்கவும் கூடாது.