ஒரு நிமிடம் நிற்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர்களின் மனத்தை யார் கவனிக்கிறார்கள் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறேன். இன்றும் அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

உங்களில் பலர் உறவினரைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருப்பீர்கள். நீங்கள் கதறிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போடப் போயிருப்பார். கல்நெஞ்சுக்காரி என்று தோன்றியிருக்கும். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். உயிர் போனதும் நேரத்தைக் குறிக்க வேண்டும், குழாய்களை எடுக்க வேண்டும், உடலைத் துடைத்துக் கட்ட வேண்டும், ரெஜிஸ்டர் எழுத வேண்டும். விரிப்பை மாற்றுவதற்குள் அடுத்த நோயாளி ஸ்ட்ரெச்சரில் வந்துவிடுவார். அழுவதற்கு அங்கே நேரம் கிடையாது. பல நாள் பார்த்துக்கொண்ட குழந்தை என்றால் அந்தத் துக்கம் வீடுவரை வரும். சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது, பெற்ற பிள்ளைகள்மேல் எரிந்து விழுவோம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்று ஒரு செவிலியர். அவரைப் பற்றிப் பேசாமல் என்னால் இந்த விஷயத்தைப் பேச முடியாது. ஒரு நோயாளியைக் காப்பாற்ற எல்லோரும் போராடினார்கள், முடியவில்லை. வழக்கம்போலக் கலையப் பார்த்தவர்களை மருத்துவமனையின் சமயப் பணியாளர் ஒருவர் நிறுத்தி, இறந்தவருக்காக ஜெபம் செய்தார். அது பார்ட்டல்ஸின் மனத்தில் தங்கிவிட்டது. எல்லோரும் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் இல்லையே! ஆகவே ஜெபத்தை விட்டுவிட்டு மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு மரணம் நேர்ந்தபோது, போவதற்கு முன் கொஞ்சம் நிற்கலாமா என்று கேட்டார். இறந்தவரும் யாருக்கோ பிரியமானவர், இங்கிருப்பவர்களும் அவருக்காகப் பாடுபட்டவர்கள். இரண்டையும் நினைத்து ஒரு நிமிடம் பேசாமல் நிற்பது, அவ்வளவுதான். வேறு பல மருத்துவமனைகளும் பின்னர் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டன.

கவனியுங்கள், இது டியூட்டி நேரத்துக்குள் நடக்கிறது. நம் வார்டுகளில் கூட்டம் அதிகம், எனக்குத் தெரியும். ஆனாலும் பெரிய டாக்டர் நின்றால் ஹவுஸ் சர்ஜனும் நிற்பார், வார்டு ஆயாவும் நிற்பார். நைட் டியூட்டி முடித்துக் கண் எரிய நிற்பவளைக் காலை பத்து மணிக்கு மன அழுத்தம் பற்றிய வகுப்பில் உட்கார வைப்பதை ஆதரவு என்று நான் சொல்லமாட்டேன். மறுபடியும் சொல்கிறேன்: ஆதரவு டியூட்டி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும்.

2019இல் உலக சுகாதார நிறுவனம், வேலையால் மனம் எரிந்து ஓய்ந்துபோகும் நிலையை விவரித்தபோது, அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடத்தின் நீடித்த அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்றுதான் சொன்னது. அப்படியானால் சிஸ்டருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அதே அக்கறையோடு டியூட்டி சார்ட்டையும் திருத்த வேண்டாமா?

இன்னொன்று. கொடிய சம்பவம் நடந்தவுடன் எல்லோரையும் கூட்டி, நடந்ததைச் சொல், உணர்ந்ததைச் சொல் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரே அமர்வில் அப்படிப் பேசவைப்பது பிற்கால மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேச விரும்புகிறவருக்குப் பக்கத்தில் ஹெட் நர்ஸ் ஒரு டீயோடு உட்காரட்டும். பேசாதவரை விட்டுவிடலாம், ஆனால் இரண்டு நாள் கழித்து எப்படி இருக்கிறாய் என்று கேட்க மறக்கக் கூடாது.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சவக்கிடங்குவரை உடலைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம், நான் சொன்ன எல்லாம் அவர்களுக்கும் உண்டு. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களும் தயங்காமல் அழையுங்கள். வணக்கம்.