பாட்டா சாப்பாடு சரி, பாட்டா செஞ்ச வேலை எங்க?

மக்களே வணக்கம், எல்லாரும் சுகந்தானே? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து சொத்தவிளை கடற்கரைல நடந்துகிட்டே பேசுறேன், காத்து சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. மணல்ல நடக்குறது ரோட்டுல நடக்குறத விட கஷ்டம், மூச்சு வாங்கத்தான் செய்யும்.

நம்ம ஊர்ல தாத்தாவ பாட்டான்னுவோம், மரவள்ளிக்கெழங்க மரச்சீனின்னுவோம். இங்க ஒரு பேச்சு உண்டு. "எங்க பாட்டா மூணு நேரமும் மரச்சீனியும் மீன் கறியும்தான் தின்னாரு, ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கல"ன்னு. சரி, ஒத்துக்கிடுறேன். ஆனா அந்தப் பாட்டா காலைல வயல்ல எறங்குனா பொழுது சாயத்தான் கரையேறுவாரு. சந்தைக்கும் நடை, கோயில் கொடைக்கும் நடை. திருவிதாங்கூர் ராஜா விசாகம் திருநாள் 1880கள்ல இந்தக் கெழங்க நம்ம பக்கம் பரப்புனாரு. அரிசி இல்லாத வீட்டுக்கெல்லாம் அதான் பசியாத்துச்சு. அதுல தண்ணி போக மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்துதான். அத எரிக்க வயல் இருந்துச்சு. நமக்கு என்ன இருக்கு? வடசேரிக்குப் போக ஸ்கூட்டர், வீட்டுக்கு வந்தா சோஃபா.

அதுக்காக மரச்சீனிய விடச் சொல்லல, அப்படிச் சொன்னா எங்க அம்மாவே இந்த சேனல அன்சப்ஸ்கிரைப் பண்ணிருவா. தட்டுல கெழங்கக் கொறச்சு, பக்கத்துல பயறோ முருங்கக்கீரைத் துவரனோ (பொரியல்தான்) கூட வைங்க. மீன்ல சாளை (மத்தி), அயலை (கானாங்கெளுத்தி) வாங்குங்க. வெல கம்மி, இதயத்துக்கு நல்ல ஒமேகா 3 கொழுப்பு அதுலதான் நெறைய. எண்ணெயில மொறுமொறுன்னு பொரிக்காம கறி வச்சுத் தின்னுங்க. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூணும் ஒரே இலையில வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழ உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் கூட முழுசா கெடையாது. தேங்காயப் பத்தி இன்னைக்கு நான் வாயே தொறக்கல.

சாயாவுக்கு வருவோம். ஒரு டீஸ்பூன் சீனி ஏறக்கொறைய 4 கிராம். ரெண்டு ஸ்பூன் போட்டு நாலு சாயா குடிச்சா 32 கிராம். 25 கிராமுக்குள்ள நின்னா நல்லதுன்னு அதே நிறுவனம் சொல்லுது. கூட ஒரு பழம்பொரி வேற! கருப்பட்டி போட்டா ஒண்ணும் செய்யாதுன்னு நெனைக்காதீங்க, அதுலயும் பெரும்பங்கு சீனிச்சத்துதான். ஒரேயடியா நிறுத்த வேண்டாம், அரை ஸ்பூனா கொறச்சுகிட்டே வாங்க, நாக்கு பழகிரும்.

இப்ப நான் ரொம்ப நம்புற விஷயம். சாப்பிட்ட ஒடனே படுக்காம ஒரு பத்து பதினஞ்சு நிமிசம் நடங்க. கால் தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருக்குற சர்க்கரைய அதுவே இழுத்துக்கும், இன்சுலினுக்குப் பாரம் கொறையும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சீரியல் பாக்குற நேரத்துல, விளம்பரம் வந்தா எந்திரிச்சு நடந்தாலும் போதும். வாரத்துக்கு 150 நிமிசம் வேகநடைங்கிற கணக்கு இப்படியே சேந்துரும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு. ஜூன்லயும் நனைப்பு, அக்டோபர்லயும் நனைப்பு. அதனால "மழை விடட்டும்"னு காத்திருந்தா வருசத்துல பாதி போயிரும். வராந்தாவுல நடங்க.

நடை மட்டும் பத்தாது, வயசு ஏற ஏற தசை கொறஞ்சுகிட்டே வரும். வாரத்துக்கு ரெண்டு நாளாவது பலம் குடுக்குற வேலை வேணும். நாற்காலில கைய ஊணாம உக்காந்து எந்திரிங்க. ஜிம்முக்குப் போக காசு இருந்தா போங்க, இல்லன்னா தண்ணிக் கொடமே போதும். தூக்கம் ஏழு மணி நேரம், ஃபோன் கட்டிலுக்கு எட்டாத எடத்துல, அவ்வளவுதான்.

கடைசியா, முப்பது தாண்டுனவங்க பிரஷர் பாருங்க. 140க்கு 90 வந்தாலும் ஒடம்பு ஒண்ணும் சொல்லாது, தலவலி கூட வராது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே பாத்துத் தருவாங்க. 2021ல தமிழ்நாடு அரசு தொடங்குன 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல மருந்தும் வீட்டுக்கே வருது. உங்க அம்மா அப்பாவுக்குக் கடைசியா எப்ப பாத்தோம்னு இப்பவே ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க. நான் போறேன், லேட்டானா சாளை தீந்துரும்.