"முழங்கால் வலி எப்படி இருக்கிறது?"

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், "இணையத்தில் நாட்குறிப்பு எழுதுகிறாரே, அவர்தான் இவர்" என்று ஒருவரை எனக்கு அறிமுகப்படுத்தினார்கள். கை கொடுத்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு முழங்கால் வலியா?" என்றார்.

இரண்டு ஆண்டுகளாக அவர் எழுதியதை ஒரு நாள் விடாமல் படித்துவந்தவன் நான். அவருக்கோ, நான் ஒருவன் இருப்பதே அந்த வினாடிவரை தெரியாது. எனக்கு அவர் பழைய நண்பர். அவருக்கு நான் வழிப்போக்கன். இணையத்தில் நாட்குறிப்பு எழுதுகிறவர்களோடு பழகுவதில் உள்ள சுவையும் சங்கடமும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கின்றன.

நாட்குறிப்பு என்பது ஒரு காலத்தில் பெட்டிக்குள் கிடந்த பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்தது, அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே பிறர் கவனத்துக்கு வந்தது. படித்தவர்கள் எவரும் அவரிடம் போய் உடல்நலம் விசாரிக்க வழியில்லை. 1994இல் ஜஸ்டின் ஹால் என்ற கல்லூரி மாணவர் தன் வாழ்க்கையை இணையத்தில் எழுதத் தொடங்கியபோது இந்தக் கணக்கு தலைகீழானது. எழுதுகிறவர் உயிரோடு, அதே இரவில், எங்கோ ஒரு விளக்கின் கீழ் உட்கார்ந்திருக்கிறார். 1998இல் வந்த 'ஓப்பன் டைரி' தளம், ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் படித்தவர் ஒரு வரி எழுதிவைக்க இடம் கொடுத்தது. என்னைக் கேட்டால், இணைய நாட்குறிப்பின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. அதுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அன்றுதான் கதவைத் தட்டும் உரிமை கிடைத்தது.

ஒருவரை நாம் வழக்கமாக எப்படி அறிகிறோம்? முதலில் முகம், பிறகு பெயர், வேலை, குடும்பம். அவருக்கு எதைக் கண்டால் பயம் என்பது பல ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு நெடும்பயணத்தில் தெரியவரும். நாட்குறிப்பில் இந்த வரிசை புரண்டுவிடுகிறது. பயம் முதலில் வருகிறது. பெயர் கடைசியில், சில சமயம் வருவதே இல்லை.

நான் தொடர்ந்து படித்த இன்னொருவர் புனைபெயரில் எழுதினார். தந்தை விட்டுச்சென்ற சுவர்க்கடிகாரத்தைப் பழுதுபார்ப்பது அவர் குறிப்புகளில் ஏழெட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் ஊசலின் எடை. இன்னொரு நாள் பல்சக்கரத்தில் தேய்ந்துபோன ஒரு பல். மறுநாள் "இன்று எழுத ஒன்றுமில்லை" என்று மட்டும். ஒருவழியாகக் கடிகாரம் ஓடத் தொடங்கிய அன்று, "மணி அடிக்கும்போது தூக்கிவாரிப்போடுகிறது, நிறுத்திவைத்துவிட்டேன்" என்று எழுதினார். தந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் அந்த வரிக்குப் பிறகு அவரை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

சொல்லாததைப் படிக்கவும் நாளடைவில் பழகிவிடுகிறோம். வாரம் இருமுறை அம்மாவைப் பற்றி எழுதுகிறவரின் குறிப்புகளில் மூன்று வாரமாக அம்மா இல்லை என்றால் மனம் பதைக்கிறது. இரவு பத்து மணிக்கு எழுதி வந்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுதத் தொடங்கினால், என்ன எழுதியிருக்கிறார் என்பதைவிட அந்த நேரமே அதிகம் சொல்கிறது. ஆயினும் கேட்பதற்கு நாம் யார்?

பார்க்காமலே நட்பு என்றதும் நம்மில் பலருக்கும் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நினைவுக்கு வருவார்கள். வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பிருந்து உயிர்விடத் துணிந்த சோழன், தான் நேரில் கண்டறியாத நண்பருக்கும் ஓர் இடம் ஒதுக்கிவைக்கச் சொன்னான். அவரும் வந்து சேர்ந்தார். ஆனால் அங்கே அன்பு இரு கரையிலும் இருந்தது. வருவார் என்று ஒருவன் காத்திருந்தான். நாட்குறிப்பு படிக்கிற நமக்காக எவரும் இடம் ஒதுக்கிவைக்கவில்லை. நாம் படிக்கிறோம் என்றே தெரியாதவரோடு நமக்கு இருப்பது நட்பா, வேவு பார்ப்பதா என்று நான் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டதுண்டு.

ஆகவே நெடுநாள் படிப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்: ஒரு வரி எழுதிப் போடுங்கள். "நெடுநாளாகப் படித்துவருகிறேன்" என்பது போதும். பாராட்டு தேவையில்லை, அறிவுரை வேண்டவே வேண்டாம். முழங்கால் வலி என்று எழுதியவருக்குப் பத்துப் பேர் வைத்தியம் சொன்னால் பதினோராம் நாள் அவர் முழங்காலைப் பற்றி எழுதமாட்டார். கடிகாரக்காரருக்கு நான் எழுதிய முதல் வரி, "எங்கள் வீட்டுக் கடிகாரமும் பத்து நிமிடம் பிந்தித்தான் ஓடுகிறது." மூன்று நாள் கழித்து, "ஊசலுக்கு அடியில் உள்ள திருகைச் சற்று மேலே ஏற்றுங்கள்" என்று பதில் வந்தது. அப்படித்தான் பழக்கமானோம்.

எழுதுவதெல்லாம் மெய் என்று நம்பிவிடவும் முடியாது. இணையத்தில் புற்றுநோயோடு போராடும் இளம்பெண்ணாக எழுதிவந்த கேசி நிக்கோல் 2001 மே மாதம் இறந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. படித்தவர்கள் அழுதார்கள். அஞ்சலி செலுத்த முகவரி கேட்டபோதுதான் சந்தேகம் முளைத்தது. அப்படி ஒரு பெண்ணே இல்லை. எல்லாம் வேறொரு நடுத்தர வயதுப் பெண்ணின் கற்பனை. ஏமாந்தவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் பணம் கேட்கும் நாட்குறிப்பைக் கண்டால் சற்று நின்று யோசியுங்கள். நேரில் சந்திப்பதாக இருந்தால் நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள்.

சந்தித்தால் இன்னொன்றும் உண்டு. அவர் எழுதியதை அவர் வீட்டார் படித்திருப்பார்கள் என்று எண்ணாதீர்கள். உலகமே படிக்க எழுதுகிறவர், ஒரே கூரையின் கீழ் இருப்பவர் படிக்கமாட்டார் என்று நம்பியே எழுதுவதுண்டு. இது விசித்திரம்தான், ஆனால் பொய்யல்ல. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முழங்கால்காரர் அதற்குப் பிறகு என்னோடு நன்றாகவே பழகினார். ஆனால் அவருடைய நாட்குறிப்பில் உடம்பைப் பற்றிய பேச்சு அன்றோடு நின்றுபோனது. வானிலையும் புத்தகங்களும் மட்டுமே வந்தன. ஒரு நண்பரைப் பெற்றேன். ஒரு நாட்குறிப்பைக் கெடுத்தேன்.

கடிகாரக்காரர் ஒரு நாள் எழுதுவதை நிறுத்திவிட்டார். முன்னறிவிப்பு இல்லை. புனைபெயரைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. தந்தையின் கடிகாரத்தில் எந்தப் பல் தேய்ந்திருந்தது என்று தெரியும்; அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாது. அவரது குறிப்புகளுக்குக் கீழே எழுதிவந்த மற்ற நாலைந்து பேரும் என்னைப் போலத்தான். ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்தோம். எழுதிச் சலித்திருக்கலாம், வேறு வேலை வந்திருக்கலாம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

கடைசிக் குறிப்பு மூன்றே வரி. சன்னல் கொக்கி கழன்றுவிட்டது, இரவெல்லாம் காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது, நாளைக்கு மாட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். அதன் அடியில், "மாட்டிவிட்டீர்களா?" என்று கேட்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

வணக்கம்.