இரண்டாவது ஆர்டர்

வணக்கம் நேயர்களே. ஒரு வட்டாரம் பொருளாதாரத்தில் முன்னுக்கு வருவதற்கும் வெளிநாட்டு வணிக உறவுகளுக்கும் என்ன தொடர்பு என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். மேடையில் உட்கார்ந்து இந்த விஷயத்தைப் பார்த்தது குறைவு; சரக்கு கட்டும் கிடங்கிலும் சுங்க அலுவலக வரிசையிலும் நின்று பார்த்ததுதான் அதிகம். என் பேச்சும் அந்தப் பக்கத்திலிருந்தே இருக்கும்.

முதலில் ஒரு காட்சி. ஒரு பெரிய அரங்கம். மேஜையில் இரண்டு நாட்டுக் கொடிகள். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, கைகுலுக்குகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். அப்படி ஒரு தூதுக்குழுவில் நானும் ஒருமுறை போயிருந்தேன். திரும்பி வந்து ஆறு மாதம் கழித்து, ஒப்பந்தத்தில் இருந்த தொடர்பு முகவரிக்கு ஒரு சின்ன சந்தேகம் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அந்தப் பொறுப்பில் இருந்தவர் வேறு துறைக்கு மாறிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே தெரியவில்லை. எங்கள் பக்கத்திலும் அதே நிலைமைதான். இரண்டு தரப்பிலும் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தக் காகிதத்தை நம்பி ஒரு பெட்டிச் சரக்குகூட நகரவில்லை.

அன்றிலிருந்து, ஒரு வணிக உறவு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். இரண்டாவது ஆர்டர் வந்ததா? முதல் ஆர்டர் வருவதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். கண்காட்சியில் சாம்பிள் பிடித்துப் போயிருக்கும். விலை குறைவாக இருந்திருக்கும். வழக்கமாகத் தருகிறவரிடம் சரக்கு தீர்ந்து போயிருக்கும். இரண்டாவது ஆர்டர் அப்படி வராது. சொன்ன சரக்கு, சொன்ன தரத்தில், சொன்ன நாளில் போய்ச் சேர்ந்திருந்தால்தான் வரும்.

இதைக் கேட்டால் ஒரு தனி வியாபாரியின் பாடு போலத் தோன்றும். அந்த வியாபாரி மட்டும் ஒழுங்காக இருந்து என்ன பயன்? மின்சாரம் நிற்காமல் வர வேண்டும். பரிசோதனைக் கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும். சாம்பிளை வேறு நகரத்துக்கு அனுப்பிவிட்டு அறிக்கைக்குப் பத்து நாள் காத்திருந்தால், அதற்குள் கப்பல் போய்விடும். லாரி துறைமுகத்தை எப்போது எட்டும் என்று ஓரளவுக்காவது நிச்சயமாகச் சொல்ல முடிய வேண்டும். வங்கியில் எல்.சி.யைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் இருக்க வேண்டும். அதனால்தான் இரண்டாவது ஆர்டரை ஒரு வட்டாரமே சேர்ந்து சம்பாதிக்கிறது என்று சொல்வேன்.

அந்த எல்.சி. பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசை. லெட்டர் ஆஃப் கிரெடிட் என்பதைத்தான் சுருக்கி எல்.சி. என்கிறோம். வாங்குகிறவர் ஒரு நாட்டில், விற்கிறவர் இன்னொரு நாட்டில். பணத்தை முன்னால் கொடுத்துவிட்டால் சரக்கு வருமா என்று இவருக்குப் பயம். சரக்கை முன்னால் அனுப்பிவிட்டால் பணம் வருமா என்று அவருக்குப் பயம். நடுவில் வங்கி வந்து, 'இன்னின்ன ஆவணங்களைச் சரியாகக் கொடு, பணத்துக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுக்கிறது. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணத்தை மட்டுமே பார்க்கும். உலகம் முழுவதும் வங்கிகள் பின்பற்றும் விதியே அதுதான். இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு முரண்பட்டால், சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் உள்ள தேதி கெடுவைத் தாண்டியிருந்தால், வங்கி பணம் தர மறுக்கலாம். முதல் தரமான சரக்கு, ஒரு தட்டச்சுப் பிழைக்காக வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சரக்கைச் செய்தவர்களின் சம்பளமும் அந்தப் பிழையோடு சேர்ந்து காத்துக் கிடந்தது. வட்டார வளர்ச்சித் திட்டம் எழுதுகிறவர்கள் சாலை, பாலம், தொழிற்பேட்டை என்று எழுதிக்கொண்டே வரும்போது, 'இந்த ஆவணங்களைப் பிழையில்லாமல் எழுத 200 பேருக்குப் பயிற்சி தருவோம்' என்று ஒரு வரி சேர்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். செலவும் குறைவு.

தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள் வியாபாரம் பேச ஒரு பொது மொழி தேவை. அது பெரும்பாலும் தயாராகவே இருக்கிறது. சரக்குக் கட்டணம் யார் பொறுப்பு, எந்த இடத்தில் சரக்கு கைமாறுகிறது என்பதை எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்று மூன்றெழுத்தில் சொல்லும் இன்கோடெர்ம்ஸ் விதிகளை சர்வதேச வர்த்தக சபை 1936-லேயே வெளியிட்டுவிட்டது. சரக்குகளுக்கு எண் கொடுக்கும் எச்.எஸ். கோடு 1988-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. இன்றைய கண்டெய்னர் வணிகத்தின் தொடக்கம் அது. இந்த மூன்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வட்டாரத்துக்குப் பாதி தூரம் குறைந்துவிடும்.

சரி, மீதிப் பாதிக்கு வருவோம். நிஜமாகவே நடந்த சில கதைகளைச் சொல்கிறேன்.

அயர்லாந்தின் மேற்கில் ஷானன் என்று ஒரு விமான நிலையம். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கும். 1947-ல் உலகின் முதல் வரியில்லா விமான நிலையக் கடை அங்கேதான் தொடங்கியது. 1950-களின் கடைசியில், நிற்காமலே கடலைத் தாண்டும் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. ஊரின் பிழைப்பே போய்விடும் என்ற நிலை. பிரெண்டன் ஓ'ரீகன் என்பவர் முன்னின்று, விமான நிலையத்தை ஒட்டியே 1959-ல் ஒரு தனி வர்த்தக வலயம் அமைத்தார்கள். வெளியிலிருந்து வரும் மூலப்பொருளுக்கு வரி கிடையாது, அங்கேயே பொருளாக்கி வெளியே அனுப்பலாம். இருபது வருடம் கழித்து சீன அதிகாரிகள் அதை நேரில் வந்து பார்த்துப் படித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஜியாங் ஜெமின், பின்னாளில் சீனாவின் அதிபர் ஆனவர். 1980-ல் சீனாவின் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. ஷானன்காரர்கள் தங்களிடம் இருந்ததை எண்ணிப் பார்த்தார்கள்: ஓடுபாதை, வெளிநாட்டாரோடு பழகிய ஊழியர்கள், காலியான நிலம். அங்கிருந்து தொடங்கினார்கள். அதுதான் எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம்.

மலேசியாவின் பினாங்கு மாநிலம் என் மனதுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற தகுதியை அது 1960-களின் கடைசியில் இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. 1969-ல் முதலமைச்சர் ஆன லிம் சோங் இயூ, அதே வருடம் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கினார். 1972-ல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. கணினிச் சில்லு செய்யும் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கே வைத்தது. தொடக்க ஆண்டுகளில் ஹியூலெட் பேக்கார்டு, பாஷ், ஹிட்டாச்சி என்று மற்றவர்களும் வந்தார்கள். இதுவரை சொன்னது எல்லோரும் சொல்லும் கதை. நான் கவனிக்கச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. உள்ளூரில் சின்னச் சின்ன லேத் பட்டறைகளாக இருந்தவை, இந்தத் தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகமும் கருவியும் செய்து கொடுக்கத் தொடங்கின. வருடங்கள் போகப் போக அவற்றில் சில, தானியங்கி இயந்திரங்களை வடிவமைத்துத் தாங்களே ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வளர்ந்தன. 1989-ல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியது. ஒன்றோடொன்று போட்டி போடும் நிறுவனங்கள், அரசும் கல்வித்துறையும் கூட இருக்க, ஒரே கூரையின் கீழ் சேர்ந்து தொழிலாளர்களுக்குப் பயிற்சி தந்தன. எந்தப் பாடம் வேண்டும் என்பதை ஆலைத் தளத்தில் நிற்பவர்களே சொன்னார்கள்.

வரிச்சலுகை மட்டும் கொடுத்து ஒரு கம்பெனியைக் கூப்பிட்டால், அடுத்த ஊர் அதைவிடக் கூடுதல் சலுகை கொடுக்கும் நாளில் அது கிளம்பிவிடும். குறைந்த கூலியைக் காட்டிக் கூப்பிடுவது இன்னும் மோசம். அந்தக் கம்பெனி நிற்பதற்காக, ஊரில் உள்ளவர்களின் கூலி உயராமலே இருக்க வேண்டும். சொந்த மக்கள் ஏழையாகவே இருப்பதை ஒரு வட்டாரம் தன் பலமாக விளம்பரம் செய்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பினாங்கில் பட்டறைகளும் பயிற்சியும் வேர் பிடித்ததால், கூலி உயர்ந்த பிறகும் தொழில் தங்கியது.

கம்பெனி போயே போய்விட்டால்? மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகா அதையும் அனுபவித்தது. 1996-ல் இன்டெல் அந்தச் சின்ன நாட்டைத் தேர்ந்தெடுத்தபோது உலகமே வியந்தது. 2014-ல் அங்கிருந்த பொருத்தும் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 1,500 பேருக்கு வேலை போனது. அந்தக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. ஆனால் நாடு விழுந்துவிடவில்லை. மருத்துவக் கருவிகள் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்கள் 1980-களிலிருந்தே அங்கே ஒன்றொன்றாக வந்து கால் ஊன்றியிருந்தன. நுட்பமான வேலைக்குப் பழகிய கைகள், தரக் கட்டுப்பாடு தெரிந்த பொறியாளர்கள், ஆங்கிலம் பேசும் இளைஞர்கள், எல்லாம் ஏற்கெனவே இருந்தது. இன்று அந்த நாடு ஏற்றுமதி செய்யும் பொருள்களில் முதலிடம் மருத்துவக் கருவிகளுக்குத்தான். அப்புறம் இன்டெலும் சில வருடங்களில் ஆலை வேலையை அங்கே மறுபடி தொடங்கியது.

கூட்டாளி என்றதும் நாம் தூரத்தில் உள்ள பணக்கார நாட்டையே நினைக்கிறோம். 1962-ல் யான் டின்பெர்கன் என்ற நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர், இரண்டு நாடுகளின் பொருளாதாரம் பெரிதாக இருந்தால் அவற்றுக்கிடையே வணிகம் கூடுகிறது, தூரம் அதிகரித்தால் குறைகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதன் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்தும் அந்தக் கணக்கு நிலைத்து நிற்கிறது. பக்கத்து நாடுதான் பெரும்பாலும் முதல் வாடிக்கையாளர்.

ஸ்வீடனின் மால்மோ நகரம் இதற்கு நல்ல சாட்சி. கப்பல் கட்டும் தொழிலில் வாழ்ந்த ஊர். தொழில் நொடித்த பிறகு, ஊரின் அடையாளமாக நின்ற கோக்கும்ஸ் என்ற ராட்சதக் கிரேனை 2002-ல் கழற்றித் தென் கொரியாவின் உல்சானுக்குக் கப்பலேற்றினார்கள். விலை ஒரு டாலர் என்பார்கள். ஊர் மக்கள் அழுததாகச் சொல்வார்கள். அந்தக் கிரேனைக் கொரியாவில் 'மால்மோவின் கண்ணீர்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2000-ல், கடலைத் தாண்டி டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குப் பாலம் திறந்திருந்தது. 1998-ல் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. மால்மோவில் குடியிருந்து கோபன்ஹேகனில் வேலை பார்ப்பது பலருக்குச் சாதாரணமானது. 2016 ஜனவரியில், ஸ்வீடனுக்குள் வருகிறவர்களின் அடையாள அட்டையைச் சோதிக்கத் தொடங்கியதும், தினமும் ரயிலில் போய் வந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். கட்டிய பாலம் அப்படியே இருந்தது. எல்லையில் நேரம் மட்டும் கூடியது. வணிகத்துக்கும் அதே கதைதான். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தம் 2017-ல் அமலுக்கு வந்ததே, எல்லையில் வீணாகும் அந்த மணி நேரங்களைக் குறைக்கத்தான்.

ஒரே வாங்குபவரை நம்பியிருக்கும் வட்டாரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஊரில் கடை வியாபாரம் படுத்தால் இங்கே உலை கொதிக்காது. இரண்டு மூன்று சந்தைகளாவது வேண்டும். அதற்கு அந்தந்தச் சந்தையின் தர விதிகளைப் படித்துச் சொல்ல, சங்கத்தில் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். தனி ஒரு சிறு உற்பத்தியாளரால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஐம்பது பேர் சேர்ந்தால் முடியும்.

நேரம் முடியப் போகிறது. ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சிறிய நிறுவனம். முதல் ஆர்டர் நன்றாகவே போனது. அப்புறம் எட்டு மாதம் சத்தமே இல்லை. விலைதான் காரணம் என்று முடிவு செய்து, நஷ்டத்துக்கே கொடுக்கத் தயாராகிவிட்டார்கள். முதலில் என்ன குறை என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டார்கள். மறுநாளே பதில் வந்தது. சரக்கில் ஒரு குறையும் இல்லையாம். கண்டெய்னருக்குள் ஈரம் கோத்து, பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த லேபிள்கள் உரிந்து விழுந்துவிட்டன. எந்தப் பெட்டியில் எது என்று பிரித்துப் பார்க்க இரண்டு நாள் ஆனது, கிடங்கு மேலாளருக்குக் கோபம். அவ்வளவுதான். இவர்கள் வேறு பசை உள்ள லேபிளுக்கு மாறினார்கள், ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டார்கள், இரண்டையும் படம் எடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் ஆர்டர் வந்தது. முதலாவதைவிடச் சின்ன ஆர்டர்தான். பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் அந்த மின்னஞ்சலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.