வீட்டிலிருந்து வேலை: அந்த 13 சதவீதம் எங்கிருந்து வந்தது?

[திரையில்: ஒரு ஹெட்செட், பக்கத்தில் நாள்காட்டி]

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் ஆள் சோம்பிப்போவாரா, கூடுதலாக உழைப்பாரா? வேலை 13 சதவீதம் கூடும் என்று பலரும் சொல்வதுண்டு. இதை வாய்ச்சண்டையாக விட்டுவிடாமல் சோதித்தே பார்த்த நிறுவனம் ஒன்று உண்டு. சீனாவின் சிட்ரிப், பயணப் பதிவு செய்து தரும் நிறுவனம். ஷாங்காயில் அலுவலக வாடகை கையைக் கடித்தது. வேலையை விட்டுப் போகிறவர்களும் அதிகம். 2010 கடைசியில், ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமின் குழுவோடு சேர்ந்து சோதனையைத் தொடங்கியது.

விருப்பம் தெரிவித்த கால் சென்டர் ஊழியர்களில் தகுதி பெற்றவர்கள் 249 பேர். வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பதும் ஒரு தகுதி. பிறந்த தேதி இரட்டைப்படையா, வாரத்தில் 4 நாள் வீட்டில் வேலை. ஒற்றைப்படையா, வழக்கம்போல் அலுவலகம். இப்படிப் பிரித்ததால், 'கெட்டிக்காரர்கள்தான் வீட்டுக்குப் போனார்கள்' என்று யாரும் சொல்ல வழியில்லை.

[திரையில்: 13% பெரிதாகத் தோன்றி, 9, 4 என்று பிரிகிறது]

9 மாதம் கழிந்தது. வீட்டில் இருந்தவர்கள் செய்த வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. பலரும் எடுத்துச் சொல்வது இந்த எண்ணைத்தான். ஆனால் அதில் 9, கூடுதல் நிமிடங்களால் வந்தது: இடைவேளையும் குறைந்தது, உடம்பு சரியில்லை என்று எடுக்கும் லீவும் குறைந்தது. வேகம் கூடியதால் வந்தது மீதி 4 மட்டுமே. அதாவது, பெரும்பகுதி நாற்காலியை விட்டு எழுந்திருக்காததால் கிடைத்தது. இதைத் திறன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான்.

சரி, ஊழியர்களுக்கு எப்படி இருந்தது? வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. ஆனாலும் சோதனை முடிந்து 'இனி உங்கள் விருப்பம்' என்றதும், வீட்டில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தாங்களே கேட்டு வாங்கிய ஏற்பாடு! முக்கியமாகச் சொன்ன காரணம் தனிமை. இன்னொன்றும் நடந்தது: ஒரே அளவு வேலை செய்தாலும், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது.

அப்புறம் வந்ததுதான் சுவாரசியம். இரண்டையும் அனுபவித்துப் பார்த்து, தெரிந்தே வீட்டைத் தேர்ந்தவர்களிடம், 13 சதவீதமாக இருந்த அந்தக் கூடுதல் வேலை 22 சதவீதமாக ஏறியது.

2020 ஊரடங்கில் இந்தத் தேர்வு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆசியாவின் பெரிய ஐடி நிறுவனம் ஒன்றின் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வேலை நேரம் ஏறியிருந்தது, முடித்த வேலை சற்றே இறங்கியிருந்தது. கூட்டங்கள் நேரத்தைத் தின்றன. வீட்டில் குழந்தை இருந்தவர்களுக்குச் சரிவு இன்னும் அதிகம்.

[திரையில்: ஐந்து நாள், அதில் இரண்டு வேறு நிறத்தில்]

பின்னாளில் அதே சிட்ரிப், ட்ரிப்.காம் என்ற பெயரில், 1,612 பேரை வைத்து மறுபடியும் சோதித்தது. இம்முறை இரண்டே நாள் வீட்டில். முடிவு 2024-இல் வெளியானது. செயல்திறனிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தொடங்கும் முன் மேலாளர்கள், இதனால் வேலை சராசரியாக 2.6 சதவீதம் குறையும் என்று கணித்திருந்தார்கள். முடிந்தபின் அவர்களையே கேட்டபோது, 1 சதவீதம் கூடும் என்றார்கள்.