காதுக்குள் தசை ஏது?

போன வாரம் ஒரு அம்மா அனுப்பிய கேள்வி இரண்டு நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. "அக்கா பையனுக்குக் காதில் ராப்டோமயோசர்கோமாவாம், தசைப் புற்று என்கிறார்கள், காதுக்குள் தசை ஏது டாக்டர்?"

அருமையான கேள்வி. தசை இருக்கிறதும்மா, நடுக்காதில் இரண்டு. அதில் ஸ்டேபீடியஸ்தான் உடம்பிலேயே சின்ன எலும்புத்தசை, அதாவது எலும்பை அசைக்கும் வகைத் தசை. ஆனால் புற்று அதிலிருந்து கிளம்பியதில்லை. தசையாகப் போகிறேன் என்று கிளம்பி, முழுசாக ஆகாமல் பாதி வழியில் நின்றுவிட்ட செல்கள் இவை. அதனால்தான் அந்த வகைத் தசையே இல்லாத பித்தநாளத்திலும் இது வருகிறது. மைக்ரோஸ்கோப்பில் சும்மா உருண்டை உருண்டையாகத்தான் தெரியும். தசையாக வளரும் செல்களில் இருக்கும் மயோஜெனின் என்ற புரதத்துக்குச் சோதனை செய்தால் செல்லின் உட்கரு பழுப்பாகி, தசைக் குடும்பம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

குழந்தைகளின் மென்திசுப் புற்றுகளில் இதுதான் அதிகம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலை, கழுத்தில்தான். கண்குழியில் வந்தால் பெரும்பாலும் கண்ணை எடுக்காமலே குணமாகிறது. காது, மூக்கு, சைனஸ் என்றால் மூளையுறை பக்கத்திலேயே இருப்பதால் கொஞ்சம் கடினம்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். பழைய வீடியோக்களில் சொல்லிச் சொல்லி உங்களுக்கே சலித்திருக்கும்: ஒரு பக்கம், ஒரே பக்கம்! குழந்தைகளுக்குக் காது வடிவது பெரும்பாலும் வெறும் தொற்றுதான். ஆனால் ஒரே காது, மருந்துக்கு அடங்கவில்லை, ரத்தமும் கலந்து வருகிறது, உள்ளே பாலிப் மாதிரி சதை என்றால் ஸ்கேனும், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் வேண்டும். நான் பயிற்சியில் இருந்தபோது அப்படி ஒரு பாப்பாவுக்கு சொட்டு மருந்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தோம், நானும்தான். சீனியர் வந்தார், காதைப் பார்க்கவே இல்லை, "கண்ணை இறுக்கி மூடு பாப்பா" என்றார். ஒரு கண் மூடவில்லை. கண்ணை மூடவைக்கும் முகநரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது, அங்கே கட்டி வந்தால் அது பாதிக்கப்படும். அந்தச் சின்ன ஸ்டேபீடியஸை இயக்குவதும் அதே நரம்புதான், பாருங்கள்.

அப்புறம், ஆபரேஷன் செய்யாமல் கீமோ, கதிர்வீச்சு என்கிறார்களே என்று அக்கா பயப்பட வேண்டாம். இந்த இடத்தில் முழுசாக வெட்டி எடுப்பது அரிது, கீமோவும் கதிர்வீச்சும்தான் வழக்கமான வழி. கதிர்வீச்சு முக எலும்பின் வளர்ச்சியைப் பாதிக்கலாம், அதனால் சுற்றியுள்ள இடத்தில் குறைவாகப் படும் புரோட்டான் கதிர்வீச்சு வசதி உண்டா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.